வாயிற்காவலும் ஆராய்ச்சி மணியும்

புகார் நகரத்து வணிகன் ஒருவன் பிழைப்பு நாடி மதுரைக்கு வருகின்றான். அந்நகருக்கு அவன் புதியவன். அவனை அறிந்தார் அங்கு எவருமிலர். கையிலிருந்த சிலம்பை விற்கச் சென்ற இடத்தில், பொற்கொல்லன் ஒருவன் அவனைக் கள்வன் என்று அரசனிடம் உரைக்கின்றான். அரசன் அச்சொல்லை ஆராயவில்லை. சிலம்பை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. புதியவனை அழைத்து ஒரு வினாவும் கேட்கவில்லை. கோவலன் வெட்டுண்டான். உண்மைக் கள்வனோ அரசனின் நம்பிக்கைக்கு உரியவனாய் அரண்மனையிலேயே உலவிக்கொண்டிருந்தான்.

சிலப்பதிகாரத்தைக் கற்பின் காப்பியமாகவும் ஊழ்வினையின் காப்பியமாகவும் வகுப்பறையில் நாம் பயில்கிறோம். நாட்டுக்குள் வரும் புதியவனை ஓர் அரசு எங்ஙனம் ஆராய்தல் வேண்டும் என்ற வினாவுக்கும் அக்காப்பியத்தில் விடை உண்டு. பாண்டியன் செய்த பிழை ஒன்று. அதனால் விளைந்த தீமை இரண்டு. குற்றமற்றவன் உயிரிழந்தான்; குற்றவாளி தப்பினான். ஆராயாமை இவ்விரண்டையும் ஒருங்கே ஈன்றது.

இன்று உலக நாடுகள் பலவும் தத்தம் வாயில்களில் காவலை இறுக்கி வருகின்றன. வருவோரின் பெயர், ஊர், கைரேகை, பயணம், நட்பு, உறவு யாவும் சோதிக்கப்படுகின்றன. காவல் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருத்தற்கில்லை. அக்காவலை ஆராயும் பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி. மக்களாட்சி நாட்டில் அப்பொறுப்பு மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு உரியது என்பதும், தீயவரை உள்ளே விட்ட பிழையையும் நல்லவரை வெளியே தள்ளிய பிழையையும் அம்மன்றம் ஒரே தராசில் நிறுத்தல் வேண்டும் என்பதும் என் கருத்து. இதற்குக் கனடா நாட்டின் பட்டறிவைச் சான்றாகக் கொள்கிறேன். குடியேறியோரால் வளர்ந்த நாடு அது. நம் நாட்டவரின் கண்ணீரும் குருதியும் அதன் குடியேற்ற வரலாற்றில் கலந்துள்ளன.

சோதனை நடைபெறும் முறை

கனடாவுக்குச் செல்ல விரும்புவோரின் விண்ணப்பத்தை முதலிற் பார்ப்பது குடியேற்றத் துறை. பாதுகாப்பு நோக்கில் மேலும் ஆராய வேண்டியவை எனத் தோன்றும் விண்ணப்பங்களை அத்துறை எல்லைச் சேவை முகமைக்கும், பாதுகாப்பு உளவுப் பணித்துறைக்கும் அனுப்புகிறது. அவ்விரண்டும் தம் கருத்தை உரைக்கும். முடிவெடுக்கும் பொறுப்பு குடியேற்ற அலுவலருடையது. அமெரிக்காவில் 2001 செப்டம்பரில் நிகழ்ந்த தாக்குதல்களுக்குப் பின், புகலிடம் கோருவோரைத் தொடக்கத்திலேயே பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுத்தும் முறையும் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நட்பு நாடுகளோடு தகவல்களும் பகிர்ந்து கொள்ளப்படுகின்றன.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை 2001இல் இயற்றப்பட்டு 2002இல் நடைமுறைக்கு வந்த குடியேற்ற, அகதிகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 34ஆம் பிரிவு, ஒற்றாடல், அரசைக் கவிழ்க்க முயலல், பயங்கரவாதம் ஆகியவற்றில் ஈடுபட்டோரையும், அவற்றில் ஈடுபடும் அமைப்பின் உறுப்பினரையும் நாட்டுக்குள் நுழையத் தகாதவர் என்கிறது. ஒருவர் அத்தகையவர் என்று உறுதிப்பட மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. அங்ஙனம் நம்புதற்கு நியாயமான அடிப்படை இருந்தாற் போதும். குற்றவியல் நீதிமன்றத்தில் வேண்டப்படும் சான்றைக் காட்டிலும் இது மிகக் குறைந்த அளவு. அச்சான்றும் பெரும்பாலும் மறைவானது. விண்ணப்பித்தவரின் கண்ணிற் படாதது. அளவு குறைந்த சான்று, அதுவும் மறைவான சான்று என்னும்போது, அதனை ஆராயும் இன்னொரு கண் இன்றியமையாததாகிறது.

காவல் தளர்ந்த காலை

காவல் தளர்ந்தால் விளையும் கேட்டை முதலிற் காண்போம். உரிமை பேசுவோர் இதனை மறைத்தல் கூடாது.

அல்ஜீரியாவைச் சேர்ந்த அகமது ரஸ்ஸாம் என்பவர் 1994இல் போலிப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுடன் மொண்ட்ரியல் நகரில் வந்திறங்கி அகதி நிலை கோரினார். கோரிக்கை தள்ளப்பட்டது, ஆயினும் அவர் வெளியேற்றப்படவில்லை. பின்னர்ப் போலியான திருமுழுக்குச் சான்றிதழைக் காட்டி, வேறொரு பெயரில் கனடாவின் கடவுச்சீட்டையே பெற்றார். அதனைக் கொண்டு 1998இல் ஆப்கானிஸ்தான் சென்று பயிற்சி பெற்று மீண்டார். 1999 டிசம்பர் 14ஆம் நாள், வெடிபொருள் நிறைத்த ஊர்தியுடன் அமெரிக்கக் கரையில் இறங்கியபோது சுங்க அலுவலர் ஒருவரின் ஐயத்தால் பிடிபட்டார். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையமே அவருடைய இலக்கு. கனடாவின் வாயிலில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கதவுகள் இருந்தும், அவற்றுள் ஒன்றும் அவரைத் தடுக்கவில்லை.

இதனினும் கொடியது 1985இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் 23ஆம் நாள், கனடாவிலிருந்து இந்தியா நோக்கி வந்த ஏர் இந்தியா 182ஆம் எண் விமானம் அயர்லாந்துக் கடற்பகுதியில் வெடித்துச் சிதறியது. 329 உயிர்கள் மாண்டன. அவர்களுட் பெரும்பாலோர் இந்திய வழிவந்த கனடா நாட்டினர். சதி தீட்டியோர் அந்நாட்டிலேயே வாழ்ந்தவர்கள். உளவுத்துறையினர் அவர்களைப் பின்தொடர்ந்துகொண்டுதான் இருந்தனர். விமானம் வெடிப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன், காட்டுப் பகுதி ஒன்றில் எழுந்த பேரொலியை அவர்கள் தம் காதாலேயே கேட்டனர். துப்பாக்கி வெடித்தது என்று கருதி விட்டுவிட்டனர். அது வெடிகுண்டுச் சோதனை.

காவல் கண்மூடிய காலை

இனி மற்றொரு பக்கத்தைக் காண்போம்.

1914ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் கொமகாட்டா மாரு என்னும் கப்பல் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. குர்தித் சிங் என்பவர் ஏற்பாடு செய்த அக்கப்பலில் 376 பேர் இருந்தனர். சீக்கியரே பெரும்பாலோர், முஸ்லிம்களும் இந்துக்களும் உடனிருந்தனர். அனைவரும் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள். பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் தங்காமல் நேரே வந்தாலன்றி இறங்கவொண்ணாது என்று ஒரு விதி அங்கே இருந்தது. அன்றைய நாளில் இந்தியாவிலிருந்து அங்ஙனம் நேரே செல்லும் கப்பற் போக்குவரத்து இல்லை. இந்தியர் என்ற சொல்லே விதியில் இல்லை. ஆயினும் இந்தியரைத் தடுக்கவே அவ்விதி எழுந்தது. இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்தப்பட்ட கப்பல், மிகச் சிலர் நீங்கலாக ஏனையோருடன் திருப்பி அனுப்பப்பட்டது. செப்டம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவை அடுத்த பஜ்பஜ் என்னுமிடத்தில் அவர்கள் இறங்கியபோது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். வான்கூவரில் அன்று குடியேற்ற அலுவலராகப் பணியாற்றிய ஹாப்கின்சன் என்பவரே அங்கு வாழ்ந்த இந்தியரை ஒற்றறிந்து பிரிட்டிஷ் அரசுக்கு அறிவித்தும் வந்தார். வாயிலைத் திறப்பவரும் ஒற்றரும் ஒருவரே ஆனபோது, ஆராய்வதற்கு அங்கே எவருமிலர். கனடாவின் மக்களவையில் அந்நாட்டுத் தலைமை அமைச்சர் எழுந்து நின்று அதற்கு மன்னிப்புக் கேட்ட நாள் 2016 மே 18. இடைப்பட்ட காலம் 102 ஆண்டுகள்.

மாஹர் அரார் சிரியாவிற் பிறந்து கனடாவின் குடிமகனான பொறியாளர். 2002 செப்டம்பரில் விடுமுறையிலிருந்து வீடு திரும்புகையில், நியூயார்க் விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரிகளாற் பிடிக்கப்பட்டார். கனடாவின் காவல் துறை அவரையும் அவர் மனைவியையும் தீவிரவாதத் தொடர்புடையோர் என ஐயுற்று, அவ்வையத்தைப் போதிய ஆய்வின்றி அமெரிக்காவுக்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தது. கனடாவுக்கு அனுப்பாமல் அவரைச் சிரியாவுக்கு அனுப்பினர். அங்கே ஏறத்தாழ ஓராண்டுக் காலம் சிறையில் வதையுண்டார். அவர் மனைவி மோனியா மசிக் இடைவிடாது குரல் கொடுத்தார். 2003 அக்டோபரில் கணவர் வீடு திரும்பினார். நீதியரசர் டென்னிஸ் ஓகானர் தலைமையிலமைந்த விசாரணை ஆணையம், அவர் குற்றம் புரிந்தமைக்கோ நாட்டின் பாதுகாப்புக்கு இடையூறாய் இருந்தமைக்கோ ஒரு சான்றும் இல்லை என்று 2006இல் அறிவித்தது. 2007 ஜனவரியில் அரசு மன்னிப்புக் கேட்டு, 105 இலட்சம் கனடிய டாலர் இழப்பீடு வழங்கியது. கண்ணகியின் வழக்கைப் போன்றே, அரசவையின் கதவைத் தட்டியவர் இங்கும் ஒரு மனைவி. இம்முறை கணவர் உயிரோடு மீண்டார் என்பது ஒன்றே ஆறுதல்.

2010 ஆகஸ்டில் சன் சீ என்னும் கப்பலில் 492 ஈழத்தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியக் கரையை அடைந்தனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். கப்பல் கரை சேருமுன்பே, அதில் பயங்கரவாதிகள் இருக்கக்கூடும் என்று அமைச்சர் நிலையிலேயே பேசப்பட்டது. விடுதலைப் புலிகள் அமைப்பு 2006 முதல் அந்நாட்டிற் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிடப்பட்டிருந்தது; ஆதலின் ஆராய்தற்குக் காரணம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் போரின் நடுவே அவ்வமைப்பின் ஆட்சிப் பகுதியில் வாழ்ந்த உழவனையும் தொழிலாளியையும் அதன் உறுப்பினனினின்றும் பிரித்தறிவது எங்ஙனம்? மாதக்கணக்கில் பலர் தடுப்புக் காவலில் இருந்தனர். ஆட்கடத்தல் பற்றிய சட்டப்பிரிவு, உறவினருக்கு உதவியோரையும், உடன் வந்த அகதிகளுக்குள் ஒருவருக்கொருவர் துணை நின்றோரையும் குற்றவாளியாக்கும் அளவுக்கு விரிந்தது பிழை என்று கனடாவின் உச்சநீதிமன்றம் 2015 நவம்பரில் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் எல்லையை நீதிமன்றம் சுட்டிக்காட்ட நேர்ந்தது.

அழிக்கப்பட்ட ஒலிநாடாக்கள்

பாதுகாப்பையும் உரிமையையும் துலாக்கோலின் இரு தட்டுகளாகக் காண்பது நம்மிடையே வழக்கம். ஒன்று தாழ்ந்தால் மற்றொன்று உயரும் என்கிறோம். கனடாவின் வரலாறு இதனைப் பொய்யாக்குகிறது.

ஏர் இந்தியா வழக்கில் ஐயத்துக்குரியோரின் தொலைபேசி உரையாடல்களை உளவுத்துறை பதிவு செய்திருந்தது. பின்னர் அந்நாடாக்களில் மிகப்பலவற்றைத் தானே அழித்துவிட்டது. வழக்கு தொடர்ந்தோர் கையில் சான்று குன்றியது. 2005இல் இருவர் விடுதலையாயினர். 329 பேரின் குடும்பத்தார் நீதியின்றி நின்றனர்.

இதே பழக்கம் மற்றொரு வழக்கிலும் வெளிப்பட்டது. பாதுகாப்புச் சான்றிதழ் என்னும் ஆணையால், குடியுரிமை பெறாத ஒருவரை மறைவான சான்றுகளின் பேரிற் சிறை வைத்து வெளியேற்றலாம் என்று சட்டம் இருந்தது. சிறைப்பட்டவர் தம்மீது கூறப்படுவது யாது என முழுமையாக அறியவும் வழியில்லை. மொண்ட்ரியலில் வாழ்ந்த மொராக்கோ நாட்டவர் ஒருவர் தொடுத்த வழக்கில், இம்முறை அரசமைப்பின் உரிமைப் பட்டயத்துக்கு முரணானது என்று 2007 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு அவகாசமும் அளித்தது. மறைவான சான்றைக் கண்டு சிறைப்பட்டவர் சார்பில் வாதிடும் தனி வழக்கறிஞர் முறை 2008இல் வந்தது. பிரிட்டன் அம்முறையை 1997இலேயே ஏற்படுத்தியிருந்தது. அதே மனிதரின் வழக்கில் 2008 ஜூனில் வந்த இரண்டாம் தீர்ப்பு, உளவுத்துறை தன் விசாரணைக் குறிப்புகளை அழித்தது கடமை தவறிய செயல் என்றது. மூலக் குறிப்பு இல்லாதபோது சுருக்க அறிக்கையை எதனோடு ஒப்பிடுவது?

எண்ணிப் பாருங்கள். ஓரிடத்தில் குறிப்பை அழித்ததால் குற்றம் சாட்டப்பட்டோர்மீது வழக்கு நிற்கவில்லை. மற்றோரிடத்தில் குறிப்பை அழித்ததால் குற்றம் சாட்டப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலவில்லை. பழக்கம் ஒன்றே. ஆண்டுதோறும் அப்பழக்கத்தை வினவும் அதிகாரம் படைத்த நாடாளுமன்றக் குழு ஒன்று 1985க்கு முன்பே இருந்திருக்குமாயின், இரு தீங்குகளும் நீங்கியிருக்கக்கூடும். ஆராய்ச்சி என்பது பாதுகாப்புக்குப் பகை என்போர் இதற்கு விடை கூறல் வேண்டும்.

நாடாளுமன்றம் பெற்றதும் பெறாததும்

கனடாவின் காவல் துறையிலிருந்த பாதுகாப்புப் பிரிவு 1970களில் வரம்பு மீறியது. கியூபெக் மாநிலத்திற் களஞ்சியம் ஒன்றை எரித்தது. அரசியல் கட்சி ஒன்றின் உறுப்பினர் பட்டியலைத் திருடியது. இவற்றை ஆராய்ந்த மெக்டொனால்டு ஆணையம் 1981இல் இறுதி அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1984இல் தனி உளவுப் பணித்துறையும், அதனை மேற்பார்க்க ஒரு மறுஆய்வுக் குழுவும் சட்டத்தால் அமைந்தன. அக்குழுவினர் அரசால் அமர்த்தப்பட்டோர். நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர்.

2009இல் ஆப்கானிஸ்தான் போரிற் பிடிபட்டோர் பற்றிய ஆவணங்களைத் தருமாறு மக்களவை அரசுக்கு ஆணையிட்டது. நாட்டின் பாதுகாப்பைக் காரணங்காட்டி அரசு மறுத்தது. 2010 ஏப்ரல் 27ஆம் நாள் அவைத்தலைவர் பீட்டர் மில்லிகன், ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை அவைக்கு உண்டு என்றும், மறைபொருள் வெளிப்படாதவாறு அதனைச் செயற்படுத்தும் வழியை இருதரப்பும் இரண்டு வாரத்துக்குள் காண வேண்டும் என்றும் தீர்ப்புரைத்தார். உரிமையையும் பொறுப்பையும் ஒருசேரக் கூறிய அத்தீர்ப்பு, பிரிட்டிஷ் மரபைத் தழுவிய நாடாளுமன்றங்கள் யாவும் படிக்கத்தக்கது.

பிரிட்டன் 1994இலேயே உளவு, பாதுகாப்புக் குழுவை நாடாளுமன்ற உறுப்பினரைக் கொண்டு அமைத்தது. கனடாவில் அத்தகைய குழு 2017இல்தான் சட்டமாயிற்று. மக்களவை, மேலவை உறுப்பினர்கள் அதில் இடம்பெற்று, மிக உயர்ந்த மறைபொருள்களையும் காணும் தகுதி பெற்றனர். 2019இல் அனைத்து உளவு, பாதுகாப்பு அமைப்புகளையும் ஆராயும் தனி மறுஆய்வு முகமையும் பிறந்தது. இவை பெரிய முன்னேற்றம், பாராட்டுதற்குரியவை.

ஆயினும் குறை உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அக்குழுவைத் தலைமை அமைச்சருக்கு அறிக்கை தருவதாக அமைத்தது. தீங்கு பயக்கும் பகுதிகளை நீக்கித் திருத்திய அறிக்கை தருமாறு பணிக்கும் அதிகாரமும் அவருக்கே வழங்கப்பட்டது. குறிப்பிட்ட சில தகவல்களை மறுக்கும் அதிகாரம் அமைச்சர்களுக்கு அளிக்கப்பட்டது. குழுவில் அறிந்ததை வெளியிட்ட உறுப்பினர், அவையில் பேசினேன் என்ற பாதுகாப்பையும் கோர இயலாது என்று அச்சட்டம் எழுதியது. ஆராயப்படுவோரின் தலைவரே ஆராய்ச்சியின் எல்லையைக் குறிப்பது எவ்வாறு முறையாகும்?

எல்லைச் சேவை முகமையின் கதை இன்னும் நீளமானது. 2003இல் தோன்றிய அம்முகமைக்கு ஆட்களைத் தடுத்து வைக்கவும் வெளியேற்றவும் அதிகாரம் உண்டு. அதனை மேற்பார்க்கத் தனியமைப்பு வேண்டும் என்று ஓகானர் ஆணையம் 2006 டிசம்பரிற் பரிந்துரைத்தது. அம்முகமைமீது பொதுமக்கள் கூறும் முறையீட்டை விசாரிக்கும் ஆணையத்துக்கான சட்டம் ஒப்புதல் பெற்றது 2024 அக்டோபரில். பதினெட்டு ஆண்டுகள் அப்பரிந்துரை காத்திருந்தது.

ஒரு பக்கமே கேட்கப்படும் வினா

2024 ஜூலை இறுதியில் டொராண்டோ நகரையடுத்து ஒரு தந்தையும் மகனும் பயங்கரவாதக் குற்றச்சாட்டின்பேரில் கைதாயினர். தந்தை புகலிடம் கோரி ஏற்கப்பட்டு, அவ்வாண்டு மே மாதத்திற்றான் குடியுரிமை பெற்றிருந்தார். நாடு அதிர்ந்தது. மக்களவையின் பொதுப் பாதுகாப்பு, தேசியப் பாதுகாப்பு நிலைக்குழு கோடை விடுமுறைக்கு இடையே ஆகஸ்டு இறுதியிற் கூடி, அமைச்சர்களையும் அதிகாரிகளையும் அழைத்து வினவியது. இவர் எந்நாளில் வந்தார், யார் சோதித்தார், எங்கே தவறினர் என்று நாள் வரிசையாகக் கணக்குக் கேட்டது. குற்றம் உண்மையா என்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. அது பற்றி நாம் உரைப்பதற்கில்லை. நாடாளுமன்றம் கணக்குக் கேட்டது முற்றிலும் முறையே. கேட்காதிருந்தால்தான் அது கடமை தவறியதாகும்.

என் மனக்குறை வேறு. ஒருவரை உள்ளே விட்ட செய்திக்கு விடுமுறையிலும் கூடும் அவை, பிழையாகத் தடுக்கப்பட்ட நூறு பேருக்காக என்று கூடியது? மாஹர் அராருக்கு விசாரணை ஆணையம் கிடைத்தது, உலகமே அவர் பெயரைக் கேட்ட பின்புதான். பெயர் வெளிவராதோர் எத்தனை பேர் என்பதை யார் எண்ணுகின்றனர்? உள்ளே விட்ட பிழை வெடித்து ஒலிக்கிறது. வெளியே தள்ளிய பிழை எங்கோ ஒரு வீட்டில் ஓசையின்றி அழுகிறது. அதிகாரியும் மனிதரே. ஒருவரை உள்ளே விட்டால் தம் பதவிக்கு இடர் வரலாம், தடுத்தால் எவரும் கேட்கப் போவதில்லை என்று அவர் அறிந்துவிட்டால், கோப்பை ஓரமாக வைப்பதே அவருக்கு எளிதாகும்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் மேலைநாடொன்றிற் பணிபுரிகின்றார். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பித்து மூன்றாண்டுகள் ஆயின. "ஐயா, கோப்பு பாதுகாப்புச் சோதனையில் உள்ளது என்று மட்டுமே விடை வருகிறது. என்ன ஐயம் என்று தெரிந்தால் விளக்கலாம், ஐயமே இல்லையென்றால் காத்திருக்கலாம், ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் துன்பம்" என்று எழுதியிருந்தார். அவருடைய பெயர், நம் ஊர்த் தெருவில் கூப்பிட்டால் நால்வர் திரும்பிப் பார்க்கும் பெயர். உலகப் பட்டியல்களில் அப்பெயர் எத்தனை பேருக்கு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மறுப்பு வந்தால் மேல்முறையீடு செய்யலாம். விடையின்மைக்கு மேல்முறையீடு ஏது?

எதிர்வாதமும் விடையும்

உளவுச் செய்தியை அரசியல்வாதியிடம் கொடுத்தால் அது கட்சி மேடைக்கு வந்துவிடும் என்பர் சிலர். இந்த அச்சம் முழுதும் பொய்யன்று. குழுக்கூட்டங்களில் உண்மையை நாடுவதினும் செய்தித்தாளில் இடம் நாடும் உறுப்பினரை எந்நாட்டிலும் காணலாம். ஆயின் பிரிட்டனில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினர்கள் மறைபொருளைக் கண்டும் காத்தும் வருகின்றனர். மறைவிற் கேட்டு, வெளியில் முடிவை மட்டும் கூறும் முறை இயலக்கூடியதே என்பதற்கு அதுவே சான்று.

நீதிமன்றம் இருக்க நாடாளுமன்றம் எதற்கு என்பர் வேறு சிலர். நீதிமன்றம் தன் முன் வந்த ஒருவரின் வழக்கைப் பார்க்கும். அதற்கும் வழக்கறிஞரும் பொருளும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பவர் எந்த நீதிமன்றப் படியை ஏறுவார்? ஆயிரம் கோப்புகளை ஒருங்கே பார்த்து, எங்கே பிழை மிகுகிறது, எந்த நாட்டார்க்குக் காலம் நீள்கிறது, ஆள் போதவில்லையா, அளவுகோல் தவறா என்று வினவ வல்லது நாடாளுமன்றமே. அதற்கு வேண்டிய நிதியை ஒதுக்குவதும் அதுவே.

திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில் ஒற்றரின் இன்றியமையாமையைக் கூறுகிறார். அங்கேயே, ஒற்றர் ஒருவர் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு ஒப்பிட்டுத் தெளியும் முறையையும் வற்புறுத்துகிறார். ஒற்றை நம்பிய அரசனே அதனை ஐயுறவும் கடமைப்பட்டவன் என்பது அப்பெருமகனார் கண்ட அரசியல்.

செய்யத்தக்கவை

முதலாவது, நாடாளுமன்றக் குழு தன் அறிக்கையை நாடாளுமன்றத்துக்கே நேரே அளித்தல் வேண்டும். எப்பகுதியை மறைப்பது என்பதில் அரசுக்கும் குழுவுக்கும் கருத்து மாறுபட்டால், அரசு தானே முடிவு செய்யாமல் நடுநிலையான நீதியரசர் ஒருவர் தீர்த்தல் வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்புச் சோதனை பற்றிய ஆண்டறிக்கையில் இரு பட்டியல்கள் வேண்டும். சோதனையைக் கடந்து உள்ளே வந்து பின்னர் இடராயினோர் எத்தனை பேர் என்பது ஒன்று. இடர் எனக் கருதித் தடுக்கப்பட்டுப் பின்னர்க் குற்றமற்றோர் எனத் தெளிந்தோரும், முடிவின்றி ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தோரும் எத்தனை பேர் என்பது மற்றொன்று.

மூன்றாவது, சோதனைக்குக் கால எல்லை வேண்டும். எல்லை கடந்த கோப்புகள் தாமே மறுஆய்வு முகமையின் முன் செல்லல் வேண்டும். விண்ணப்பித்தவர் கெஞ்சி நிற்க வேண்டிய நிலை கூடாது.

நான்காவது, மூலக் குறிப்புகளை அழித்தல் கூடாது. ஏர் இந்தியா விமானத்தில் மாண்ட 329 பேரின் நினைவுக்குச் செய்யும் மெய்யான அஞ்சலி அதுவே.

நிறைவாக

மாணவச் செல்வங்கள் இதனைத் தொலைதூர நாட்டின் செய்தி என்று கருதற்க. நாளை உங்களுட் சிலர் கடல் கடந்து ஒரு வாயிலின் முன் நிற்பீர்கள். சிலர் ஆட்சிப் பணியிலோ காவற் பணியிலோ அமர்ந்து, வாயிலுக்கு உள்ளே நிற்பீர்கள். வெளியே நிற்போர் தம்மைப் பற்றிய உண்மையை மறைக்காது உரைத்தல் வேண்டும். போலி ஆவணம் காட்டும் ஒருவர், தமக்குப் பின்னே வரும் ஆயிரம் பேரின் வழியை அடைக்கின்றார். உள்ளே நிற்போர், கையிலிருக்கும் கோப்பு ஒரு குடும்பம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியைத் தொங்கவிட்டான் என்பது நம் மரபு. காவலர் நின்ற அதே வாயிலில்தான் அம்மணியும் தொங்கியது. கன்றை இழந்த பசு கூட எட்டி இழுக்கும் உயரத்தில் அதன் கயிறு இருந்தது. இன்றைய நாடுகளில் காவலர் பெருகியுள்ளனர். மணியும் ஆங்காங்கே உண்டு. கயிறு மட்டும் எளியவர் கைக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. அதனைத் தாழ்த்திக் கட்டுவது நாடாளுமன்றங்களின் கடமை.